உழவர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. ஆடி மாதக் கூட்டம் மட்டும் திருவிழாவால் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேர் உட்பூசணத்தைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. மன்றப் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போயிற்று. கேள்விகளும் அதைப் பற்றித்தான் வந்தன.

‘வாம்’ என்று நாம் சொல்லும் இந்தப் பூசணம் உயிருள்ள வேரோடு சேராமல் பெருகாது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் எளிதில் நகர்வதில்லை. தன்னை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால் வேருக்குப் பட்டினிதான். பூசண இழைகளோ பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. கூலியாகப் பயிர், இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. சின்ன வெங்காயத்துக்கு வேரும் குட்டை, வேர்முடிகளும் குறைவு. பெரம்பலூர்ப் பக்கம் நாம் போடும் மக்காச்சோளமும் பருத்தியும்கூட இந்தப் பூசணத்தோடு ஒட்டும் பயிர்கள்தான். அதனால்தான் வாங்கினோம்.

வாங்கியபின் நடந்தவை அவ்வளவு பெருமைக்குரியவை அல்ல. மூட்டைகளில் ஒரு பகுதியை யூரியாவைப் போலத் தகரக் கொட்டகையில் அடுக்கிவைத்தவன் நான்தான். சித்திரை வெயில் அவற்றை என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உறுப்பினர் ஒருவர் முள்ளங்கிக்கு இட்டார். முள்ளங்கி, முட்டைக்கோசு, கடுகு ஆகியவை இந்தப் பூசணத்தை வேருக்குள் சேர்ப்பதில்லை. வேறு சிலர் விதை வெங்காயத்தைக் கார்பன்டசிம் கரைசலில் நனைத்து நட்டு, மறுநாளே வாம் இட்டார்கள். பூசணத்தைக் கொல்லும் மருந்து நல்ல பூசணம் எது என்று விசாரித்துக் கொல்வதில்லை. டி.ஏ.பி. உரத்தை வழக்கமான அளவிலேயே போட்டவர்கள்தான் பெரும்பாலோர். அதில் 46 விழுக்காடு மணிச்சத்து. வீட்டில் அவ்வளவு குவிந்துகிடந்தால் பயிர் ஏன் ஆள் வைத்துக் கூலி கொடுக்கப்போகிறது?

ஆண்டின் சிறந்த நாள், பள்ளி ஆய்வகத்தில் உயிரியல் ஆசிரியர் துணையோடு வேர்களைப் பார்த்த நாள். வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து, பேனா மை கலந்த வினிகரில் ஊறவைத்தார். நுண்ணோக்கியில், வேர்ச் செல்லுக்குள் மரம் கிளைத்ததுபோல் பூசணம் மை ஏறித் தெரிந்தது. முதலில் பார்த்தது வாம் இட்ட வயலின் வேர். அடுத்து, பூசணமே இடாத மானாவாரி மக்காச்சோள வேரை வைத்தோம். அதிலும் அதே கிளைகள் இருந்தன. அடர்த்தியும் குறைவாகத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, “அப்போ காசு கொடுத்து எதை வாங்கினோம்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

விளைச்சலை எடைபோட்டு ஒப்பிடவில்லை. எனவே லாபம் என்றோ நட்டம் என்றோ எழுத எனக்கு உரிமையில்லை.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் நிலத்தை நெடுநாள் வெறுமையாகத் தரிசு போட்டபின் விதைத்த பயிர்கள் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாமல் வெளிறின. ஒட்ட வேர் இல்லாததால் பூசணம் குறைந்துபோனதே காரணம் என்று கண்டறிந்தார்கள். கோடையில் நான்கு முறை உழுது வெறுமையாகப் போடும் நமக்கும் இது பொருந்தும் என்று செயற்குழு கருதியது.

ஆகவே வரும் ஆண்டில் மொத்தக் கொள்முதல் இல்லை. பூசணம் குறைவாக இருக்கக்கூடிய, மண் இறக்கி மேடாக்கிய இடங்களுக்கும் நாற்றங்காலுக்கும் மட்டும் வாங்கலாம். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே. நிலம் வெறுமையாகக் கிடக்காமல் பூசணத்துக்கு ஒட்ட வேர் இருக்கும்படி, கோடை மழைக்குத் தட்டைப்பயறு விதைக்க முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்கவும். மண் பரிசோதனை அட்டை பார்க்காமல் டி.ஏ.பி. போடுவதில்லை என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் ஆதரிக்கிறேன், தலைவர் எதிர்க்கிறார்.

கொட்டகைக்குக் கீற்று வேய வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்