கேபின் வீடு விற்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும்: சுவரில் பூக்கிற பூசணம் குடியிருப்பவர்களின் அழுக்கு இல்லை

ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கம் கன்டெய்னர் வீடும் போர்ட்டா கேபினும் செய்து விற்கிறவர்களுக்கும், அதை வாங்கி வரிசையாக இறக்கி வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் தளி பக்கம் ஒரு ஏக்கர் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய கூடாரத்தில், ரோஜா போட்டிருக்கிறேன். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது, கட்டி முடிக்கிற வரைக்கும் வயலிலேயே இருந்துவிடலாம் என்று இருபதுக்குப் பத்து கேபின் ஒன்றை வாங்கி இறக்கினோம். நான், மனைவி, பையன், அம்மா என்று நாலு பேர். வெளியே ஜிஐ இரும்பு ஷீட், நடுவில் சூடும் குளிரும் தாண்டாமலிருக்க கிளாஸ் வூல் என்கிற கண்ணாடிப் பஞ்சு, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, அதன் மேல் செங்கல் டிசைன் போட்ட வால்பேப்பர், தரையில் வினைல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆடியில் குடி வந்தோம். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை பிறந்ததும் விடியற்காலையில் அம்மா எழுப்பினார். "சுவரு வேர்க்குதுடா, தொட்டுப் பாரு."

தொட்டேன். கை நனைந்தது. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது, கூரையில் ஒழுக்கும் இல்லை. ஒரு வாரம் கழித்து, பழைய துணி மூட்டையில் வருமே அந்த வாடை, கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. சாமி காலண்டரைக் கழற்றினால் அதன் பின்னால் காலண்டர் அளவுக்கே கறுப்பு. கட்டிலை இழுத்தால் சுவரில் கீழிருந்து மேலாக நேர்க்கோடுகளாகப் பூசணம், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே சரியாக இரண்டடி இடைவெளி. பூசணம் ஏன் அளவெடுத்த மாதிரி வளர்கிறது என்று முதலில் புரியவில்லை. வால்பேப்பரின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கோடு விழுந்த இடமெல்லாம் உள்ளே இரும்புச் சட்டம் நிற்கிற இடம். ஸ்க்ரூ இறங்கிய இடத்தில் மிளகு அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள்.

விற்றவரைக் கூப்பிட்டேன். ஆள் அனுப்பினார். வந்தவர் துடைத்து, பிரைமர் அடித்து, மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் அடித்துவிட்டு, "ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீங்க சார், கொஞ்சம் சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டே வாரத்தில் பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு மறுபடி வந்துவிட்டது. என் அம்மா தினமும் இரண்டு தடவை தரை துடைக்கிறவர். அந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த மடலை எழுத வைத்தது அதுகூட இல்லை. எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆறு கேபின் இறக்கி, கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு இருந்தார்கள். காலி செய்தபோது, சுவரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அட்வான்ஸில் எட்டாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். போய்ப் பார்த்தேன். அதே கோடுகள், அதே இரண்டடி. அங்கே காலண்டருக்குப் பதில் கண்ணாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோஜாக்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை. பாலிஹவுஸில் ராத்திரி ஈரப்பதம் ஏறி இலையில் தண்ணீர் நின்றால் டவுனி என்கிற இலை நோய் வரும், பூவில் பாட்ரைடிஸ் என்கிற அழுகல் வரும். அதனால்தான் காலையில் சைடு கர்ட்டனைச் சுருட்டிக் காற்றை விடுகிறோம். செடிக்குத் தெரிந்த விஷயத்தை நான் படுத்துத் தூங்குகிற அறைக்கு யோசிக்காமல் விட்டுவிட்டேன். ஒருநாள் பாலிஹவுஸில் தொங்குகிற ஈரப்பத மீட்டரைக் கழற்றி வந்து கேபினுக்குள் மாட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு 86 காட்டியது. வீட்டுக்குள் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 30-லிருந்து 50-க்குள் இருந்தால் நல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்றுதானே கேட்பீர்கள்? நாங்கள் மூச்சு விடுகிறோம், குளிக்கிறோம், சோறு வடிக்கிறோம், களி கிண்டுகிறோம். அதைவிட ஒன்று, பலருக்குத் தெரியாது. கேஸ் எரிந்தாலே தண்ணீர் ஆவி உண்டாகும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக அந்த அறைக்குள் விட்டிருக்கும், அதாவது ஒரு பெரிய குடிதண்ணீர் கேன் முழுக்க. ஓட்டு வீட்டில் அது ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும். நீங்கள் சிலிகான் வைத்து இறுக்கி அடைத்த பெட்டியில் அது எங்கே போகும்?

நம் ஊர்க் குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம், தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சொல்கிறார்கள். மார்கழி விடியலில் 15 டிகிரிக்கு இறங்குவது இங்கே சாதாரணம், வானத்தைப் பார்த்துக் கிடக்கிற இரும்பு ஷீட் காற்றைவிடவும் குளிர்ந்து போகும். உள்ளே 24 டிகிரி சூடும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 18 டிகிரியில் இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்க்கிற மாதிரிதான். கிளாஸ் வூல் இருக்கிற இடம் தப்பித்துக்கொள்கிறது, வெளி ஷீட்டையும் உள் பலகையையும் நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கிற இரும்புச் சட்டம் குளிரை உள்ளே கடத்துகிறது. அதுதான் அந்த இரண்டடிக் கோடு. இது நாங்கள் வாழ்ந்த விதத்தில் வந்ததா, நீங்கள் செய்த விதத்தில் வந்ததா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற வீடுகளில் நிறையப் பேர் காலம் முழுக்க வாழ்கிறார்கள். அந்த வீடுகளுக்கென்றே 1976 முதல் மத்திய அரசின் கட்டுமான விதி அமலில் இருக்கிறது. காற்றோட்டம் எவ்வளவு வேண்டும், சுவருக்குள் ஈரம் தங்காமல் எப்படிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அங்கேயும் பூசணம் வராமல் இல்லை, வருகிறது. புழுக்கமான தெற்குப் பக்கம் ஏசி ஓடுகிற வீடுகளில் உள்சுவரில் ஒட்டிய வினைல் தாளுக்குப் பின்னாலேயே கறுத்துப்போவதுண்டு. ஆனால் அதை வீட்டின் பிரச்சினையாக எடுத்துப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் 2020-ல் பூசணம் பிடித்த வாடகை வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை மூச்சுப் பிரச்சினையில் இறந்துபோனது. காரணம் அந்த வீட்டில் நாள்பட்டிருந்த பூசணம்தான் என்று விசாரணையில் முடிவானது. அந்தப் பெற்றோரையும், நீங்கள் வாழ்கிற முறைதான் காரணம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழந்தை பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது ஒடிசாக் குடும்பத்தின் கைக்குழந்தைதான் கண் முன்னால் வந்தது.

அம்மாவுக்கு மார்கழி முழுக்க இளைப்பு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே "வீட்டுல ஓதம் இருக்கா?" என்பதுதான். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறும் கூடுதலாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி போட்டுச் சொல்லிவிட்டது.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். வால்பேப்பரை முழுக்க உரித்தேன். கீழ் இரண்டடி எம்டிஎஃப் ஊறி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, பின்னால் இருந்த கிளாஸ் வூலும் சொதசொதவென்று இருந்தது. இரண்டையும் தூக்கி வெளியே போட்டேன். ஊறிப்போன பலகையையும் பஞ்சையும் துடைத்து மீட்க முடியாது, ப்ளீச் ஊற்றினாலும் மேலே வெளுக்குமே தவிர உள்ளே போன வேர் அப்படியே இருக்கும். இரும்பு, பிவிசி போன்றவற்றைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வைத்தால் போதும். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். ப்ளீச்சோடு பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள், வருகிற புகை ஆளைச் சாய்த்துவிடும். மூன்றுக்கு மூன்று அடிக்குள் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம், அதற்கு மேல் என்றால் விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடுவது நல்லது.

அப்புறம் தரைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நாலு ஹாலோ பிளாக் மேல் வைத்திருந்தார்கள், மழைத் தண்ணீர் கேபினுக்கு அடியிலேயே தேங்கி, செம்மண் சேறாகக் கிடந்தது. பின் பக்கம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பாலிஹவுஸில் கழித்துப்போட்ட 200 மைக்ரான் ஷீட்டை மண் மேல் முழுக்க விரித்துக் கல் வைத்தேன். அமெரிக்காவிலும் அந்த வீடுகளுக்கு அடியில் இப்படித்தான் மண்ணை மூடுகிறார்கள், மண்ணிலிருந்து ஏறுகிற ஆவி அதோடு நின்றுவிடும். அடுப்புக்கு மேலேயும் குளிக்கிற இடத்திலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். சட்டத்துக்கும் உள் பலகைக்கும் நடுவில் ஃபோம் பட்டை ஒட்டி, கீழே எம்டிஎஃப்புக்குப் பதில் சிமென்ட் போர்டு அடித்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டோம். தை மாதம் அதே ஐந்து மணிக்கு மீட்டர் 61 காட்டியது. கோடு திரும்ப வரவில்லை.

ஆக, விற்கிறவர்களிடம் கேட்பது இதுதான். இதையெல்லாம் நாங்கள் வாங்கிய பிறகு பிரித்துப் போட்டுச் செய்வதைவிட, உங்கள் ஷெட்டில் செய்யும்போதே செய்தால் செலவு ரொம்பக் குறைவு. சமையலும் குளியலும் உள்ள கேபினை எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் விற்காதீர்கள். ஜன்னல் இரண்டும் ஒரே பக்கம் வைத்தால் காற்று எப்படி ஓடும், எதிரெதிராக வையுங்கள், மழையிலும் திறந்து வைக்கிற மாதிரி மேலே ஒரு சின்ன சன்ஷேடு, கொசுவலை. (கொசுவுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஜன்னலையே திறப்பதில்லை.) இரும்பையும் உள் பலகையையும் நேராகத் தொடவிடாதீர்கள். கூரை ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துவிடும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடி மாதத்துக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று விற்கும்போதே சொல்லுங்கள். எங்கள் கொட்டேஷனில் கதவின் கலர் வரைக்கும் எழுதியிருந்தது, காற்றோட்டம் பற்றி ஒரு வரி இல்லை. சைட் ஆபீஸுக்குச் செய்த கேபினும் குடும்பம் குடியிருக்கிற கேபினும் ஒன்றில்லை, ஆபீஸில் யாரும் சோறு வடிப்பதில்லை.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: பூசணம் என்று சொன்னவுடன் பெயின்ட் டப்பாவோடு வராதீர்கள். ஒழுகியதா, வேர்த்ததா, கீழிருந்து ஓதம் ஏறியதா என்று முதலில் பாருங்கள், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நனைந்த எதையும் ஒன்றிரண்டு நாளுக்குள் காய வைத்துவிட்டால் பூசணம் பிடிக்காது, அதனால் சொன்ன அன்றே வந்து பாருங்கள். நமக்கு வேலைக்கு ஆள் வேண்டும். ஒடிசா, பீகார் என்று தொலைவிலிருந்து வந்து நம் கம்பெனிகளிலும் தோட்டங்களிலும் உழைக்கிறார்கள். கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் அதில் சமைக்கத் தனி இடமும் தர வேண்டும் என்று 1996-லேயே சட்டம் எழுதினார்கள். நீங்கள் வாடகையே வாங்குகிறீர்கள், அதற்குக் குறைவாகக் கொடுக்க எப்படி மனசு வருகிறது?

எங்கள் பக்கம் ஆறு கேபின் வைத்திருப்பவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அண்ணா, ஒரு வாரம் என் மீட்டரை எடுத்துப்போய் காலியாக இருக்கிற அந்தக் கேபினில் மாட்டிப் பாருங்கள், ஆள் இருக்கிற கேபினில் அடுப்பு எரிகிறபோதும் பாருங்கள். பழைய பாலி ஷீட் என்னிடம் நிறையக் கிடக்கிறது, ஆறுக்கும் விரிக்கிற அளவு இருக்கும், காசு வேண்டாம். அந்த எட்டாயிரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் இப்போது பாகலூர் ரோட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். போன் நம்பர் உங்களிடமே இருக்கிறது.