எச்.பி.வி. ரிப்போர்ட் ஒற்றை வரியில் முடியக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பரிசோதனை செய்துகொள்ளும்படி சேலத்தில் முகாம்களிலும் லேப் விளம்பரங்களிலும் சொல்லி வருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், பெண்களின் கைக்கு வரும் ரிப்போர்ட் பல நேரங்களில் ‘எச்.பி.வி. நெகட்டிவ்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. எந்தெந்த வகைகளைத் தேடினார்கள், மாதிரி சரியாக இருந்ததா என்பது தெரியாமல் அந்த வரியை நம்பி ஒரு பெண்ணை ஐந்து ஆண்டுகளுக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியானவை 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59 ஆகிய பன்னிரண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டுமே காரணம். வைரஸின் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். கிட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பன்னிரண்டோடு 66, 68-ஐயும் சேர்த்துப் பதினான்கைத் தேடும். நம் நாட்டில் தயாராகும் சில கிட்டுகள் எட்டு வகைகளை மட்டும் தேடும். எட்டு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ பத்தில் ஒன்பது புற்றுக்குக் காரணமான வகைகள் அந்த எட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆபத்துக் குறைந்த வகைகளுக்காகப் பெண்களை வீணாக அலையவிடுவதும் குறையும். ஆனால் எட்டா பதினான்கா என்பது ரிப்போர்ட்டில் இருந்தாக வேண்டும்.

6, 11 ஆகியவை பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குபவை. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமல்ல. அவற்றையும் சேர்த்து ‘முழு பேனல்’ என்று விற்பதும், 6 இருந்தாலும் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதும் கண்டிக்கத்தக்கது. அந்தச் சொல்லைப் பார்த்த குடும்பம் என்ன பாடுபடும் என்று லேப்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வகை பிரித்துச் சொல்வதால் சிகிச்சைப் பாதையே மாறுகிறது. 16 அல்லது 18 என்றால் நேராகக் கோல்போஸ்கோபிக்கு (கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை) அனுப்பலாம். மற்ற வகைகள் என்றால் பாப் ஸ்மியர் (செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) அல்லது அசிட்டிக் அமிலப் பரிசோதனை (கருப்பைவாயில் அந்த அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது) செய்து முடிவெடுக்கலாம். பின்னாளில் மறுபடி பாசிட்டிவ் வந்தால், பழைய தொற்றே தங்கிவிட்டதா, புதிதாக வேறு வகை வந்திருக்கிறதா என்பதும் வகை தெரிந்தால்தான் புரியும். புற்றுக்கு இட்டுச் செல்வது போகாமல் தங்கிவிடும் தொற்றுதான்.

அடுத்து, உள் கட்டுப்பாடு. கிட் வைரஸைத் தேடும்போதே பீட்டா குளோபின் போன்ற ஒரு மனித மரபணுவையும் தேட வேண்டும். அது வராவிட்டால் குப்பியில் செல்களே விழவில்லை, அல்லது ரத்தம், ஜெல் போன்ற ஏதோ ஒன்று பி.சி.ஆரைத் தடுத்திருக்கிறது என்று பொருள். அந்த முடிவு ‘நெகட்டிவ்’ அல்ல, ‘செல்லாது’. மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும். உள் கட்டுப்பாடு இல்லாவிட்டால், வெறும் உப்புநீரைக் கொடுத்தாலும் எச்.பி.வி. நெகட்டிவ் என்றுதான் கருவி காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தவறுகளில் பெரும்பாலானவை லேபுக்கு வருமுன்பே நடந்துவிடுகின்றன. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதற்கு முன்பே எச்.பி.வி. மாதிரியை எடுத்துவிட வேண்டும். கருப்பைவாயைப் பார்க்க உள்ளே வைக்கும் ஸ்பெக்குலம் கருவிக்கு ஜெல்லைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீர் போதும். துடைப்பம் போன்ற பிரஷ்ஷின் நடு இழைகளைக் கருப்பைவாய்த் துளைக்குள் வைத்து, ஒரே திசையில் ஐந்து முறை சுற்ற வேண்டும். உடனே திரவக் குப்பியின் அடியில் பத்து முறை அழுத்தி, கலக்கிவிட வேண்டும். பிரஷ் தலையைக் குப்பிக்குள் விடுவதா, தூக்கிப் போடுவதா என்பது திரவத்துக்குத் திரவம் மாறும். கிட் தாளைப் பார்த்துச் செய்யவும். பயாப்ஸிக்கு வைத்திருக்கும் ஃபார்மலின் பாட்டிலில் தவறிப் போட்டுவிட்டால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும். சில திரவங்களில் மெத்தனால் இருப்பதால், மூடி தளர்ந்தால் வழியில் ஆவியாகும்; தீப்பற்றும் அபாயமும் உண்டு.

லேபுக்குள் பெரிய பகை மாசு. பி.சி.ஆர். முடிந்த ஒரு குழாயில் கோடிக்கணக்கான டி.என்.ஏ. நகல்கள் இருக்கும், அந்தக் குழாயைத் திறந்த அதே மேசையில் அடுத்த நாள் மாதிரியைக் கையாண்டால் பொய்யான பாசிட்டிவ் வரும். ரீஏஜென்ட் (பரிசோதனை வேதிப்பொருள்) கலக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பிரிக்க ஓர் அறை, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்க ஓர் அறை என்று ஒரே திசையில் நகர வேண்டும். பிப்பெட்டின் நுனியில் மாட்டும் ஃபில்டர் டிப், ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டும் வைத்த ஒரு குழாய் ஆகியவை கட்டாயம். தண்ணீர்க் குழாய் பாசிட்டிவ் காட்டினால் அந்த முறை ஓட்டிய எல்லாவற்றையும் நிராகரிக்க வேண்டும். அந்த ஒரு குழாயை மட்டும் மறுபடி ஓட்டிச் சமாளிப்பது தவறு.

ஏற்காடு விஷயம் தனி. நாகலூர், மாரமங்கலம் பக்கத்துப் பெண்களும் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களும் ஒரு நாள் கூலியை விட்டு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர மாட்டார்கள்; காபி அறுவடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அவர்களே ஸ்வாபில் (மாதிரி எடுக்கும் குச்சி) எடுத்துக் கொடுக்கும் மாதிரி, பி.சி.ஆர். முறையில் செவிலியர் எடுத்ததற்கு ஏறத்தாழ இணையாகவே வேலை செய்கிறது. டி.என்.ஏ.வைப் பெருக்காமல் ஒளிச் சமிக்ஞையை மட்டும் பெருக்கும் முறைகளில் அந்த நம்பகம் கொஞ்சம் குறையும். கையைக் கழுவி, மாதவிடாய் இல்லாத நாளில், ஸ்வாபைச் சுமார் 5 செ.மீ. உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி எடுத்தால் போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறார்கள். ஸ்வாபையும் கொண்டு போகலாம். காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியிலேயே எச்.பி.வி. கார்ட்ரிட்ஜும் ஓடும், சுமார் ஒரு மணி நேரத்தில் 16 தனியாகவும், 18-ம் 45-ம் சேர்ந்தும், மற்றவை மூன்று குழுக்களாகவும் முடிவு தரும். மூடிய கார்ட்ரிட்ஜ் என்பதால் மூன்று அறை இல்லாத இடத்திலும் மாசுப் பயம் குறைவு.

எச்.பி.வி. பரிசோதனை எல்லோருக்கும் கிடைக்கும்வரை அசிட்டிக் அமிலப் பரிசோதனையை யாரும் கைவிட்டுவிட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், அந்தப் பரிசோதனையால் கருப்பைவாய்ப் புற்று இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

பொதுவாக 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை வேண்டாம். அந்த வயதுத் தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 25-லேயே தொடங்க வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பின் ரத்தம் என்று வருபவர்களுக்கு எச்.பி.வி. முடிவுக்குக் காத்திராமல் நேரடியாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் பயாப்ஸி எடுக்க வேண்டும்.

தேடிய வகைகள், 16, 18-க்கான முடிவு தனியாக, உள் கட்டுப்பாட்டின் முடிவு, மாதிரியை எடுத்தது செவிலியரா அந்தப் பெண்ணேவா, அடுத்து எங்கே போக வேண்டும் ஆகிய ஐந்தையும் தமிழில் அச்சிடாத எச்.பி.வி. ரிப்போர்ட்டை முகாம்களில் ஏற்கக் கூடாது என்று மாவட்ட சுகாதார நிர்வாகம் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வக நுண்ணுயிரியல் பணியாளர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.