எத்தனை பெக்கரல் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புகுஷிமா அணு விபத்தைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். அன்று கருவுற்றிருந்த தாய்மார்கள் விஷமான தண்ணீரையும் உணவையும் உட்கொண்டார்கள், அதன் விளைவை அவர்களின் பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. எந்த உணவு, எவ்வளவு, என்ன விளைவு என்று ஒன்றும் இல்லை. அந்தத் தாய்மார்களில் நானும் ஒருத்தி. நான் இருந்தது புகுஷிமாவில் இல்லை, அங்கிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி டோக்கியோவில். அன்று என் வயிற்றில் இருந்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் பத்திரிகையை அவளும் படிக்கிறாள். "அம்மா, நான் விஷம் குடிச்சுப் பொறந்தவளா?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் குடியிருந்தது எடோகாவா வட்டத்தில் நிஷி கசாய். நம் நாட்டுக்காரர்கள் நிறைய பேர் இருக்கும் பகுதி, உளுந்தம்பருப்பு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46-க்கு நிலம் ஆடியபோது எனக்கு 21-வது வாரம். மறுநாள் அணுமின் நிலையத்தில் முதல் உலைக் கட்டடம் வெடித்தது. 14-ஆம் தேதி மூன்றாவது, 15-ஆம் தேதி நான்காவது. அந்த 15-ஆம் தேதி காற்று தெற்கே எங்கள் பக்கம் அடித்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள கதிர்வீச்சு அளவுகருவி மணிக்கு 0.809 மைக்ரோகிரே வரை காட்டியது. வழக்கமாக அங்கே 0.079-ஐத் தாண்டாது. சில மணி நேரத்தில் இறங்கியும் விட்டது. ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி "டோக்கியோவில் பத்து மடங்கு" என்பதுதான்.

ஊர் என்றால் மணவாளக்குறிச்சி. அம்மா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கூப்பிட்டாள். "மக்களே, கெடந்து யோசிக்காத, பிளேனப் பிடிச்சு வந்திரு." தம்பி ஒரு குறுஞ்செய்தியை அனுப்பினான், மழை பெய்தால் வெளியே போகாதே, கழுத்தில் அயோடின் மருந்தைத் தடவிக்கொள் என்று. அதில் பயனில்லை. ஜப்பானிலேயே சிலர் வாய் கொப்பளிக்கும் அயோடின் மருந்தைக் குடிக்கப் போக, குடிக்காதீர்கள் என்று அந்நாட்டுக் கதிரியக்க ஆய்வு நிறுவனம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. இதெல்லாம் சரி, பொறுத்துக்கொள்ளலாம். நெருங்கிய உறவுக்காரர் ஒருவர், தெரிந்த டாக்டரிடம் விசாரித்துவிட்டதாகச் சொல்லி, "இத விட்ரு. ஒனக்கு வயசு இருக்கு, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

அப்படிச் சொல்பவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தபோது, அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற கிரேக்க நாட்டில் கர்ப்பிணிகள் பதறிப்போனார்கள். கலைத்துவிடுங்கள் என்று சொன்ன மகப்பேறு மருத்துவர்களும் இருந்தார்கள். 1987 ஜனவரியில் அங்கே பிறப்பு எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. விரும்பிச் சுமந்த சுமார் 2,500 கருக்கள் கலைக்கப்பட்டிருக்கலாம் என்று அதை வைத்து அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். கதிர்வீச்சோ ஆளுக்கு ஒரு மில்லிசீவர்ட்டைத் தாண்டாது என்பது மதிப்பீடு (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). கருவுக்கு 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே என்றால் கதிர்வீச்சைக் காரணமாகச் சொல்லிக் கலைக்க வேண்டியதில்லை என்பதுதான் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்தின் வழிகாட்டுதல். ஒன்றுக்கும் நூறுக்கும் இடையில் உள்ள தூரத்தை அந்தப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அதற்கு முன் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 23-ஆம் தேதி, கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின்-131, அதாவது கதிரியக்க அயோடின், இருப்பதாக அறிவித்தார்கள். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். பெரியவர்களுக்கு வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. ஆகவே ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம் என்றார்கள். சரி, வயிற்றில் இருக்கும் குழந்தை எந்தக் கணக்கு? அது பெரியவளா, கைக்குழந்தையா? தொலைக்காட்சியில் எனக்குப் புரிந்த ஜப்பானிய மொழியில் விடை கிடைக்கவில்லை. சாயங்காலம் கடைக்கு ஓடினால் இரண்டு லிட்டர் பாட்டில் இருக்கிற அடுக்கு துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. மறுநாள் மாநகர நிர்வாகம் குழந்தை ஒன்றுக்கு 550 மில்லி பாட்டில் மூன்று வீதம், 80,000 குழந்தைகளுக்கு 2,40,000 பாட்டில்களைக் கொடுக்கத் தொடங்கியது. பிறக்காத குழந்தைக்குப் பங்கு இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் மணியடித்து, இரண்டு பாட்டில்களை வாசலில் வைத்து, என் வயிற்றைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போனார். அவரோடு அதுவரை நான் வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் முழுக்கச் சோறு வடிக்கக்கூடத் தயங்கினேன். அயோடின் கொதித்தால் போய்விடுமா? போகாது. தண்ணீர்தான் சுண்டும்.

24-ஆம் தேதி ஜப்பான் மகப்பேறு மருத்துவர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான் போய்க்கொண்டிருந்த கிளினிக்கில் அதை அச்செடுத்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். கணக்கு இதுதான். 200 பெக்கரல் உள்ள தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் வீதம் கர்ப்பகாலம் முழுக்க, அதாவது 280 நாளும் குடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 56,000 பெக்கரல். ஒரு பெக்கரலுக்கு 0.022 மைக்ரோசீவர்ட் என்று பெருக்கினால் 1,232 மைக்ரோசீவர்ட். அதாவது 1.2 மில்லிசீவர்ட். கருவுக்குத் தீங்கு வரும் என்று அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட அளவு 50 மில்லிசீவர்ட். நான் கணித ஆசிரியை. அந்தப் பெருக்கலை அங்கேயே மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் 280 நாளும் 200 இருக்கவே முடியாது என்பதும் புரிந்தது. உண்மையில் அன்றே கனமாச்சியில் 79-க்கு இறங்கித் தடையையும் நீக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். கை நடுங்கத்தான் செய்தது.

"பயப்பட வேண்டாம்" என்று அதற்கு முன் பத்து நாளாகப் பலபேர் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போயிருந்தது. காரணமும் உண்டு. காற்றில் நஞ்சு எந்தத் திசையில் போகும் என்று கணிக்கும் அமைப்பு அரசிடமே இருந்தும், அதன் கணிப்பை உரிய நேரத்தில் மக்களுக்குச் சொல்லவில்லை. நமியே ஊர்க்காரர்கள் அணு உலையிலிருந்து தப்பி, கதிரியக்கம் போய்ச் சேர்ந்த திசையிலேயே தங்கினார்கள். அவர்களிலும் கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள் அல்லவா? இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஜப்பானில் காய்கறி எந்த மாகாணத்தில் விளைந்தது என்று எழுதியே விற்பார்கள். அந்த எழுத்துகளைத்தான் முதலில் படிக்கக் கற்றுக்கொண்டேன். மார்ச் 21-ல் புகுஷிமா, இபராகி, தோச்சிகி, குன்மா மாகாணங்களின் பசலைக்கீரையையும் புகுஷிமாப் பாலையும் அனுப்பக் கூடாது என்று தடுத்தார்கள். பால் ஹொக்கைடோவிலிருந்து வந்தது, தக்காளி கியூஷுவிலிருந்து. கடலோரத்தில் பிறந்த எனக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஏப்ரல் தொடக்கத்தில் இபராகி கடலில் பிடித்த, நெத்திலி மாதிரியான பொடி மீனில் கிலோவுக்கு 4,080 பெக்கரல் அயோடின் என்று செய்தி. அதுவரை மீனுக்கு அயோடின் வரம்பே வைத்திருக்கவில்லை, அதன் பிறகுதான் 2,000 என்று வைத்தார்கள். பிரசவம் வரை நான் மீனைத் தொடவில்லை. அறிவுக்குப் பொருந்திய முடிவா என்று கேட்டால், முழுக்க இல்லை. ஆனால் அந்த வீட்டில் சமைத்தது நான்.

ஜூலையில் மகள் பிறந்தாள். டிசம்பரில் பெரிய நிறுவனம் ஒன்றின் பால் மாவில் கிலோவுக்கு 30.8 பெக்கரல் வரை சீசியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் இருப்பது தெரிந்து, சுமார் 4 லட்சம் டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். என் அலமாரியிலும் அதே பெயரில் ஒரு டப்பா இருந்தது. அன்றைய வரம்பு 200, கலக்கும் தண்ணீரைச் சேர்த்தால் இன்னும் குறையும், எல்லாம் தெரியும். எனக்கு உறைத்தது வேறு. அதை முதலில் கண்டுபிடித்தது நிறுவனமோ அரசோ இல்லை, புகுஷிமாவில் சொந்தமாக அளந்து பார்த்த பொதுமக்கள் குழு ஒன்று. இவாக்கி நகரிலும் தாய்மார்கள் சேர்ந்து தராச்சினே என்று ஒரு பரிசோதனைக் கூடமே நடத்துகிறார்கள். 2012 ஏப்ரல் முதல் சீசியம் வரம்பைக் கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்ற கணக்கில் பொது உணவுக்கு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிதண்ணீருக்கு 10 என்று இறுக்கினார்கள். அந்த ஆண்டு அறுவடையிலிருந்து புகுஷிமாவின் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் அளந்தார்கள். முதல் ஆண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட மூட்டைகளில் வரம்பைத் தாண்டியவை 71.

இனி உங்கள் கட்டுரையின் 'விளைவு'. அங்கே கர்ப்பிணிகளுக்கு 'போஷி தெச்சோ' என்று ஒரு தாய்-சேய் கையேடு கொடுப்பார்கள். 2010 ஆகஸ்ட் முதல் 2011 ஜூலை வரை அதை வாங்கிய சுமார் 16,000 புகுஷிமாப் பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விசாரித்தார்கள். குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறவிக் குறைபாடு எதுவும் நாட்டின் பிற பகுதிகளை விட அதிகமாக இல்லை. அதிகமாக இருந்தது மனச்சோர்வுதான், முதல் ஆண்டில் பதில் எழுதியவர்களில் சுமார் 27 சதவீதம் பேரிடம். அந்த 27-ல் ஒரு துளி எனக்குத் தெரியும்.

கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செர்னோபிலைச் சுற்றி, தடுக்காமல் விட்ட பாலைக் குடித்த பிள்ளைகளில் 2005-க்குள் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் வந்தது, அதில் கணிசமான பகுதிக்கு அந்தப் பாலில் இருந்த அயோடின்தான் காரணம். கருவின் தைராய்டும் பத்துப் பன்னிரண்டு வாரத்திலிருந்து அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும். ஜப்பானில் பத்து நாளிலேயே பாலைத் தடுத்தது அதனால்தான். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, இது சொந்த ஊர்ப் பெருமையாகவும் இருக்கலாம். எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பது ஊருக்கே தெரியும். டோக்கியோவில் அந்த மாதம் கடந்த பின் இருந்ததைவிட எங்கள் மணலில் கதிர்வீச்சு அதிகம். வெளியிலிருந்து படும் மணலும், பாலில் கலந்து உள்ளே போகும் அயோடினும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அங்கே வந்து உட்கார் என்று அம்மா கூப்பிட்டபோது சிரிப்பு வந்தது.

அந்தக் கரையிலிருந்து கூடங்குளம் ஐம்பது கிலோமீட்டருக்குள். அப்படி ஏதாவது நடந்தால் சாளை வாங்கலாமா, பால் காய்ச்சலாமா என்று கேட்கப்போகிற பெண்ணுக்குப் பாலையும் மீனையும் அளப்பது யார், முடிவை எத்தனை மணி நேரத்தில் தமிழில் சொல்வார்கள் என்று உங்கள் செய்தியாளர்கள் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும். கதிர்வீச்சைப் பற்றி எழுதும்போது எந்தப் பொருளில், எந்தத் தேதியில், எத்தனை பெக்கரல், வரம்பு எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்துப் போடுங்கள்.

கிளினிக்கில் கொடுத்த அந்தத் தாள் மகளின் தெச்சோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் நகலையும், கணக்கை நான் தமிழில் போட்டுக்காட்டிய தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டம்