ஜீப்பில் வயர்லெஸ் பொருத்துவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் செல்பேசி சிக்னல் அடிக்கடி அறுந்துபோவதால், அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றுள்ள நான், என் துணிக்கூரை ஜிப்சியில் 144–146 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவி ஒன்றைப் பொருத்தித் தருமாறு ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின் இணைப்பு எடுத்திருந்தார்கள். பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவி அணைந்தது.

50 வாட்டில் பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் கருவிக்கு அந்த மெல்லிய கம்பி எப்படிப் போதும்? தடித்த கம்பியை நேராக பேட்டரியிலிருந்தே எடுத்து, அதன் முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் ஃபியூஸ் வைப்பதே முறை. இல்லையேல் உரசித் தேய்ந்த கம்பி வண்டியையே எரித்துவிடும்.

ஆன்டெனா கதை இன்னும் வேடிக்கை. ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனாவுக்கு அதன் அடியிலுள்ள இரும்புத் தகடுதான் மறுபாதி. துணிக்கூரையில் அது ஏது? பானெட் ஓரத்தில், ஆன்டெனாவின் தாங்கி இரும்பைத் தொடும்படி, அது கவ்வும் இடத்துப் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளி மின்னும்வரை நானே சுரண்டி, மலை மழையில் துருப்பிடிக்காதிருக்க கிரீஸ் தடவி முடுக்கிய பிறகு, ஆன்டெனாவிலிருந்து கருவிக்கே திரும்பும் ஆற்றலைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு (1-ஐ நெருங்குவதே நல்லது) 3-க்கு மேல் நின்றது 1.5-க்கு இறங்கியது.

உரிமமின்றி இத்தகைய கருவிகளை வாங்கிப் பொருத்தும் எஸ்டேட்காரர்கள் சிலரும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். பட்டறைக்காரர்கள் முதலில் உரிமத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி