டப்பாவில் தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களும் 2018 பொங்கல் கழிந்த வாரம் புதிதாக வாங்கியவை. உள்ளே இருக்கும் பிராசஸர் இன்டெல் 7-ஆம் தலைமுறை ஐ3. நடுவில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன். இன்றைக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்குப் போகலாம் என்று சோதித்துப் பார்த்தால் இரண்டு குறை சொன்னது. முதலாவது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், இன்டெல் அதே வசதிக்கு வைத்த பெயரான பிடிடி என்று அணைந்து கிடந்ததை ஆன் செய்ததும் அது சரியாகிவிட்டது. இரண்டாவது பிராசஸர். அதற்கு மருந்தே இல்லை. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல்தான். இத்தனைக்கும் 7-ஆம் தலைமுறையிலேயே ஐ7-7820ஹெச்க்யூ என்ற சிப்புக்கு விலக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்த சிப் அது. பந்தியில் வேண்டப்பட்டவர் இலைக்கு மட்டும் இரண்டாவது கரண்டி பாயசம்!

2015-இல் வந்த விண்டோஸ் 10-க்குப் பத்து வருடம் கொடுத்தது போதாதா என்று கேட்பார்கள். என் கேள்வி, பத்து வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதுதான். நான் காசு கொடுத்தது 2018-இல். விண்டோஸ் 11 வந்த 2021 அக்டோபரில் என் மெஷினுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. கடையில் தேங்கிய அதே மாடலை 2020-இல் வாங்கியவருக்குக் கிடைத்தது ஐந்தே வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போனுக்கு ஒரு விதி இருக்கிறது: அந்த மாடல் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தரவேண்டும். எண்ணுகிற முறை அதுதான். கம்ப்யூட்டருக்கு எட்டு வருடமாவது வேண்டும் என்பேன்.

எல்லாவற்றையும் காலத்துக்கும் சுமக்கச் சொல்லவில்லை. 1985-இல் வந்த இன்டெலின் 386 சிப்பை, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸே 2012 கடைசியில் இறக்கி வைத்துவிட்டது. அது நியாயம்.

‘லினக்ஸ் போடுங்க அண்ணே’ என்று கடைப் பையன் சொன்னதால் ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டோம். பிரவுசரில் நடக்கிற வேலை எல்லாம் சுகமாக ஓடுகிறது. ஆனால் என்னிடம் உள்ள கைரேகைக் கருவிக்கு அதில் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கிடையாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கோ மூலையில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி தனியே இருக்கிறது; நெட் ஒயரைப் பிடுங்கி ஆண்டுக்கணக்காகிறது. அதை அப்படி ஒதுக்கி வைக்கலாம். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஜனங்கள் வந்து சொல்லச் சொல்ல அடிக்கிற மெஷினை அப்படி வைக்க முடியுமா?

பால் பாக்கெட்டில் தேதி உண்டு, மாத்திரை அட்டையில் உண்டு. கம்ப்யூட்டர் டப்பாவிலும் ‘இன்ன தேதிவரை அப்டேட் உண்டு’ என்று அச்சடித்து விற்க மத்திய அரசு விதி கொண்டுவர வேண்டும். 2018-இல் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், நாலு மாதம் பொறுத்து 8-ஆம் தலைமுறையே வாங்கியிருப்பேன்.

போன வாரம் பழைய சாமான் எடுப்பவர் வந்து, பெட்டி ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை பேசுகிறீர்களே என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
சங்கரன்கோவில்.