கொம்பு இடம் மாறிய கதை

யாங்கோன்,
ஆவணி 12

அன்புள்ள கோமதி,

திட்டித் தீர்த்துவிட்டாயா? மிச்சம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். மூன்று மாதம் பதில் போடாதது தப்புதான். பரீட்சை, கரண்ட், மழை என்று ஆரம்பித்தால் "உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்பாய். அம்மா நலம். சோமு அண்ணன் இன்னும் அதே சைக்கிள், அதே பொய்.

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்தது. பிஸ்கட் டப்பாவும் வந்தது, பாதி காலியாக. தாத்தாவின் 43 கட்டுரைகளையும் திறந்து பார்த்தேன். "டைப் செய்தாகிவிட்டது, வலைப்பூவில் ஏற்றுவதுதான் பாக்கி" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன். ஏற்றுவது ஒரு மாலை வேலை. டைப் செய்ததைச் சரிசெய்வதுதான்டி பாக்கி.

உன் ஃபைல்களெல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதற்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டது, அவ்வளவுதான். 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத போனில் அதுதான் தெரியும். யாராவது 'தட்டோன்' என்று ஊர்ப்பெயரைத் தேடினால் தாத்தா தட்டோனைப் பற்றி எழுதிய நாலு கட்டுரையும் வராது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறைக்கு, மாற்றித்தான் ஆகவேண்டும்.

மாற்றி என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் முடிந்தது என்று நினைக்காதே. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் ஃபைலிலும் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். யூனிகோடில் மெய் முதலில், குறி பின்னால். மாற்றி நீளமான சேர்க்கைகளை முதலில் பிடிக்க வேண்டும். 'கொ'வைப் பார்ப்பதற்கு முன் 'கெ'யை மாற்றிவிட்டால் கால் தனியாக நிற்கும். பார்வைக்கு 'கொ' சரியாகத்தான் தெரியும், உள்ளே இரண்டு துண்டு. வலைப்பூவுக்குள் நீ வைக்கும் சாதாரணத் தேடுபெட்டி அதைக் கண்டுபிடிக்காது. இதற்கு மருந்து சுலபம்: கடைசியில் எல்லா ஃபைலையும் என்எஃப்சி முறைக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் துண்டுகள் ஒன்றாகிவிடும். பைதான் நிரல்மொழியில் ஒரே வரி, நானே ஓட்டித் தருகிறேன்.

காற்புள்ளி இன்னொரு வேடிக்கை. பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. டைப் செய்தவர் நடுவில் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிக் காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றிய பிறகு 'அரிசிஇ பருப்புஇ உப்பு' என்று வரும். ஆங்கிலச் சொற்களும் இப்படியே தமிழ்க் குப்பையாகும். அதனால் மாற்றுவதற்கு முன்பே, வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினி அல்லாத துண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்.

எல்லாவற்றையும் விட என் தூக்கத்தைக் கெடுப்பது ஔகாரம். பாமினியில் 'கௌ' என்பதும் கொம்பு, க, ள. 'கெள' என்பதும் கொம்பு, க, ள. ஃபைலைப் பார்த்து வித்தியாசம் சொல்ல வழியே இல்லை. அவசரக்கார மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக்கும். 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகும், 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும். எத்தனை செய்தித் தளங்களில் இந்தக் கோரத்தைப் பார்த்திருக்கிறாய், யோசி. ஔகாரமே வேண்டாம் என்று விட்டால் மௌனமும் பௌர்ணமியும் சௌக்கியமும் பொய்த் தமிழில் நிற்கும். பார்க்க அச்சு அசல் அதேதான், தேடினால் சிக்காது.

நான் வைத்திருக்கும் விதி இது. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது கண்டிப்பாக ளகரம்: வெள்ளம், தெளிவு, கெளுத்தி. அதைத் தொடாதே. ஒன்றும் வராமல் வெறும் ள நின்றால் பெரும்பாலும் ஔகாரம், ஆனால் கண்ணால் பார்த்த பிறகுதான். ஏனென்றால் தாத்தா பேச்சை அப்படியே எழுதுகிறவர். "சரக்கு ஏத்தியாச்சு, கெளம்புடா" என்று வருகிறது. விதியை மட்டும் நம்பினால் அவர் 'கௌம்புடா' என்று குரைப்பார். ஸ்ரீயையும் பார்த்துக்கொள்; ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று என்று யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 43 கட்டுரைக்கும் ஒன்றையே வைத்துக்கொள்.

கட்டுரைகளில் வரும் பர்மியப் பழமொழிகளும் சும்மா இல்லை. அவை ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கின்றன. நம் நாடு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது; நீ டைப் செய்யக் கொடுத்த கடைக்குச் சேதி போகவில்லை போலிருக்கிறது. பாமினி வேஷம் உடனே கலையும். ஸோஜி அப்படியில்லை. யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் உட்கார்ந்துகொண்டு, மோன், ஷான், கரேன் மொழிகளுக்கு வைத்த இடங்களையும் பிடித்துக்கொண்டது. இதிலும் நம் கொம்பு மாதிரி இடப்பக்கம் நிற்கும் குறி மெய்க்கு முன்னால் கிடக்கும், பின்னால் தள்ளவேண்டும். ஏற்கெனவே யூனிகோடாக இருப்பதை மறுபடி மாற்றியில் போட்டால் நாசமாகும். கூகுள் வெளியிட்ட 'மியான்மார் டூல்ஸ்' ஒரு துண்டு ஸோஜியா இல்லையா என்று 0-விலிருந்து 1 வரை மதிப்பு சொல்லும், 1-ஐ நெருங்கினால் ஸோஜி. இரண்டு சொல் துண்டுகளில் அதை நம்பாதே. தமிழை முதலில் முடி. பாமினி மாற்றி பர்மிய எழுத்தைத் தொடாது.

வலைப்பூவுக்கு ஹ்யூகோ என்ற தளம் கட்டும் மென்பொருள் போதும். ஒரே ஃபைல், இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே ஓடும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் எழுதி, அதே லேப்டாப்பில் localhost:1313 என்ற முகவரியில் பார்த்துக்கொண்டு, நெட் வரும்போது அனுப்பலாம். பாரமும் இல்லை: தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆயிரம் வார்த்தைக் கட்டுரை 25-லிருந்து 30 கேபி. தாத்தாவின் வாழ்நாள் எழுத்து உன் ஒரு செல்ஃபியை விடச் சின்னது. தளத்தை நெட்டில் வைக்க, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை இலவசமாக 1 ஜிபி வரை இடம் தருகிறது.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். புதுப் பதிவு 'டிராஃப்ட்' (வரைவு) என்ற குறியோடு பிறக்கும். அதை எடுக்காவிட்டால் தளத்தில் வராது. நேரத்தை மண்டலம் இல்லாமல் எழுதினால் ஹ்யூகோ கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும். நாம் அதற்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 8 மணி என்று போட்ட பதிவு நம் கணக்கில் பிற்பகல் 2.30 வரை 'எதிர்காலம்', அதுவரை தலைகாட்டாது. அமைப்பு ஃபைலில் நேர மண்டலத்தை யாங்கோன் என்று வைத்தால் தீர்ந்தது. அதே ஃபைலில் தளத்தின் அடிப்படை முகவரி தப்பாக இருந்தால் எழுத்து வரும், அலங்காரம் வராது. பதிவின் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வை. 'மழை' என்ற மூன்று குறி முகவரியில் 27 எழுத்தாக நீண்டு, அனுப்பும்போது பாம்பு மாதிரி நெளியும்.

தளத்தின் தோற்றத்துக்குத் தீம் தேடி இரவு பகல் போக்காதே. போஜோ மார்க்கெட்டில் ஒரு தமெய்ன் துணிக்கு எத்தனை கடை ஏறி இறங்குவாய் என்று எனக்குத் தெரியும். முதலில் கிடைத்த வெள்ளைத் தீமை எடு. எழுத்துரு, தமிழுக்கு நோட்டோ சான்ஸ், பர்மியத்துக்குப் படவுக். எழுத்தளவு 18, வரி உயரம் 1.8, பர்மிய அடுக்கெழுத்துகளுக்கு அந்த இடம் வேண்டும். இருபுறமும் நேராக்காதே: 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல் போன் திரையில் ஒரு வரியை விழுங்கிவிட்டு, மேல் வரியில் கிணறு தோண்டும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம், தமிழுக்கு அது குடித்துவிட்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

படங்களைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் கேள். போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். தாத்தா வீட்டு வாசலைப் போட்டால் தெரு எண்ணையே போட்ட மாதிரி. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவில் சேமிக்கும்போது 'மெட்டாடேட்டா நீக்கு' என்பதைத் தேர்ந்தெடு. தளத்தை அனுப்பும் 'கிட்' என்ற மென்பொருள் எல்லாப் பதிப்பையும் சேர்த்து வைக்கும்; அதில் ஒருமுறை ஏற்றியதைப் பிறகு அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் நிற்கும். உன் பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொரு அனுப்புதலிலும் ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே பள்ளிக்கூடத்துப் பர்மியப் பெயரா, வீட்டுப் பெயரா, இரண்டும் இல்லாத ஒன்றா என்று முதல் நாளே முடிவு செய். இந்தக் காலத்தில் அதை உன் அப்பாவிடமும் கேட்டுக்கொள்.

மூல ஃபைல்களை அழிக்காதே. நான் மாற்றியது உனக்குத் தனி ஃபோல்டரில் வரும். ளகரம் பார்க்கும் வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம், 1 முதல் 21 வரை நீ. 17-ஆம் கட்டுரையில் ஆற்று மீன் வரிசையில் கெளுத்திக்கு அடுத்த பெயர் எனக்குப் பிடிபடவில்லை, டைப் செய்தவர் கை தவறியிருக்கிறது. தாத்தா நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. லொகேஷனை அணைத்துவிட்டு எடு.

உன்,
தேவி