வேலியில் நியூ டான்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனுக்குப் பள்ளி முடியும் நேரம், வீடு முழுக்க ஒரே அமளி. அதனால்தான் பதில் தாமதம். முழங்கால் வலி குறைந்ததா? மாடி ஏறித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடிகிறதா?

இங்கே நியூஜெர்சியில் ஜூன் பிறந்ததும் மகள் வீட்டுப் பின்வேலியில் இலை தெரியாமல் ஒரு கொடிரோஜா பூத்துவிட்டது. முன்பு இந்த வீட்டில் இருந்த அம்மாள் வைத்ததாம். சங்கின் உட்புறம் போல வெளிறிய இளஞ்சிவப்பு. வெயில் பட்டால் இன்னும் வெளுத்து வெள்ளையாகிறது. ஜனவரிப் பனியில் வெறும் குச்சியாக நின்றதைப் பார்த்து, பட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். கடுங்குளிரைத் தாங்கும் ஜாதி இது. பெயர் நியூ டான், அதாவது புது விடியல். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

வால்டர் வான் ஃப்ளீட் என்று ஒரு மருத்துவர். வைத்தியத்தை விட்டுவிட்டுச் செடிகளின் பக்கம் வந்தவர். ஜப்பானில் தரையோடு படர்ந்து கிடக்கும் விச்சுரானா என்ற காட்டு ரோஜாவை, சஃப்ரானோ என்ற தேயிலை ரோஜாவோடு (தேயிலை வாசம் வீசும் தோட்டத்து ரோஜா வகை) சேர்த்தார். அதில் வந்த செடியைப் பிரான்சு நாட்டுக் கலப்பின ரோஜா ஒன்றோடு மறுபடியும் சேர்த்தார். காட்டுச் செடியின் உறுதியும் பளபளக்கும் இலையும், தோட்டத்து ரோஜாவின் பெரிய பூவும் ஒரே கொடியில் வந்துவிட்டன. அவர் அதற்கு வைத்த பெயர் 'டேபிரேக்', விடியற்காலை. ஆனால் 1910இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். நல்ல ரோஜாதான்; ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும்.

அப்புறம், இதே நியூஜெர்சியில் ஒரு நாற்றுப் பண்ணையில், அந்த ரகத்துச் செடி ஒன்று மட்டும் ஜூனில் பூத்து முடித்த பிறகும் நிற்காமல் பூத்தது. விதையில்லை, மகரந்தம் சேர்க்கவில்லை. செடி தானாகவே மாறிக்கொண்டது. 1930இல் அதை விற்கத் தொடங்கியபோது நியூ டான் என்று பெயர் வைத்தார்கள். வான் ஃப்ளீட் 1922லேயே இறந்துவிட்டார். அவர் விரும்பிய விடியல் அவருக்குப் பிறகுதான் பெயரில் வந்து சேர்ந்தது. இதைப் படித்த அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, கமலா.

செடிகளுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்கா சட்டம் போட்டதும் அதே 1930இல்தான். மறு ஆண்டு ஆகஸ்டில் ஹென்றி போசன்பெர்க் என்பவருக்குத் தந்த முதல் செடிக் காப்புரிமை, எண் 1, இந்தக் கொடிக்குத்தான். தொடர்ந்து பூக்கும் குணத்தைத்தான் அதில் தனிச்சிறப்பாகக் காட்டியிருந்தார்கள்.

சரி, இது எந்த வகை ரோஜா? அங்கேதான் சண்டை. அமெரிக்க ரோஜாச் சங்கம் 'பெரிய பூக் கொடிரோஜா' என்கிறது. வேறு சிலர் 'விச்சுரானா கலப்பினம்' என்கிறார்கள். பொதுவாக, வளைந்து கொடுக்கும் தண்டோடு ஆண்டுக்கு ஒருமுறை கொத்துக்கொத்தாகச் சின்னப் பூ பூத்தால் ஒரு வகை. தண்டு விறைப்பாக, பூ பெரிதாக, திரும்பத் திரும்பப் பூத்தால் இன்னொரு வகை. இதற்குத் தண்டு முதல் வகை, பூ இரண்டாம் வகை. 1867க்கு முன்பிருந்த வகைகளைத்தான் 'பழைய ரோஜா' என்பார்கள். ஆகவே கிட்டத்தட்ட நூறு வயதாகியும் இது கணக்கில் 'நவீன ரோஜா'. எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. ஆண்டையோ பூவின் அளவையோ வைத்துப் பிரிப்பதைவிடத் தாய்வழியை வைத்துச் சொல்வதே நியாயம். தண்டை எடுத்து வளைத்துக் கட்டும்போது அந்த ஜப்பான் காட்டுக்கொடிதான் கையில் தெரிகிறது. அதனால் நான் விச்சுரானா கட்சி.

கட்டாமல் விட்டால் ஏறாது, தெரியுமா? மல்லிகைக் கொடி போலச் சுற்றிக்கொள்ளாது. முள்ளைக் கொக்கியாகப் போட்டுச் சாய்ந்துகொள்ளும், அவ்வளவுதான். தண்டைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர் வந்து பூக்கிறது. செங்குத்தாக விட்ட தண்டில் உச்சியில் மட்டும்தான் பூ.

காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பெருக்கலாம். அதனால் போன வாரம் ஒரு தண்டைக் கீறி மண்ணில் அழுத்திக் கல் வைத்துப் பதியன் போட்டிருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு இது வருமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உன் மாடிப் பன்னீர் ரோஜாவுக்கு இந்தக் கோடையில் நிழல்வலை கட்டினாயா, அது எப்படித் தாங்கியது என்று விவரமாக எழுது.

அன்புடன்,
சரோஜா